கேட் மீட்டிங் நின்றுபோன நாட்கள்



நான் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஓர் ஆலையில் ஃபிட்டர். எங்கள் வீட்டில் அப்போது கடிகாரம் கிடையாது. ஆலைச் சங்கு ஊதினால் எழுந்திருப்போம், அடுத்த சங்குக்குப் பள்ளிக்கூடம் கிளம்புவோம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்காடி வருகிறேன். பட்டதாரிகளே, உங்கள் பட்டமளிப்பு விழாவில் எதைப் பேசுவது என்று யோசித்தபோது, எனக்கு முதன்முதலில் அரசியல் என்பது என்னவென்று புரியவைத்த ஒரு காட்சிதான் நினைவுக்கு வந்தது. அதை உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு கேட் மீட்டிங் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். டீக்கடை பெஞ்சை இழுத்துப்போட்டு அதன்மேல் சங்கத் தலைவர் ஏறுவார். நிர்வாகத்தோடு என்ன பேசினோம், எதை வாங்கினோம், எதை விட்டோம் என்று கணக்குச் சொல்வார். அவர் பேச்சைவிட எனக்குப் பிடித்தது கூட்டத்திலிருந்து வரும் குரல்தான். கிரீஸ் படிந்த கையைத் தூக்கி யாராவது ஒருவர் கேட்பார்: "அதெல்லாம் இருக்கட்டும் தலைவரே, எத்தனை பர்சென்ட்? அதைச் சொல்லு." தலைவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் அந்தப் பெஞ்சிலிருந்து இறங்க முடியாது.

1975 ஜூன் 25 இரவு நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றக் கட்டடத்துக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. ஜூலையில் மன்றம் கூடியது. ஆனால் கேள்வி நேரம் நிறுத்திவைக்கப்பட்டது. எழுந்து நின்று கேட்கவேண்டிய எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். 1976 மார்ச்சில் முடியவேண்டிய மக்களவையின் ஆயுள், ஓராண்டு, மீண்டும் ஓராண்டு என்று இரண்டு முறை நீட்டிக்கப்பட்டது. மன்றத்தை முடக்க இப்படியும் ஒரு வழி உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும், நாற்காலி இருக்கும், கேள்வி மட்டும் இருக்காது.

டெல்லியில் நடந்த இந்த மாற்றம் எங்கள் பகுதி எண்ணூர் நெடுஞ்சாலைக்கு வந்துசேர மூன்று மாதம்தான் ஆனது. 1975 செப்டம்பரில், நாடாளுமன்றம் கூட்டத்தில் இல்லாத நேரம் பார்த்து, ஓர் அவசரச் சட்டம் வந்தது. குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 8.33 என்பது ஏதோ ஒரு எண் என்று நினைக்காதீர்கள். ஓர் ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டாக வகுத்தால் வருவது அது. அதாவது ஒரு மாதச் சம்பளம். நான்கு என்றால் அரை மாதச் சம்பளத்துக்கும் கீழே.

அந்தத் தீபாவளிக்கு அப்பா கொண்டுவந்த கவரை அம்மா இரண்டு முறை எண்ணினார். மூன்றாம் முறை எண்ணுவதற்கு அதில் ஒன்றுமில்லை. தம்பிக்கு மட்டும் சட்டைத் துணி எடுத்தார்கள். எனக்கு எடுக்காததைவிட, அம்மா தனக்கு எதுவும் வேண்டாம் என்று சொன்ன விதம்தான் இன்றும் வலிக்கிறது. மறுபடி மன்றம் கூடியபோது அந்த அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. கையைத் தூக்கி "எத்தனை பர்சென்ட்?" என்று கேட்க வேண்டியவர்கள் அங்கே போதிய அளவில் இல்லை.

பிறகு 1976 ஜனவரி 31 வந்தது. சனிக்கிழமை. தமிழ்நாட்டில் மு. கருணாநிதி தலைமையிலான அரசு கலைக்கப்பட்டது, சட்டமன்றமும் கலைக்கப்பட்டது. ரேடியோவில் செய்தி கேட்டு எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அன்றிரவிலிருந்தே, விசாரணையின்றிச் சிறையில் அடைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் கைதுகள் தொடங்கின. சென்ட்ரலுக்குப் பக்கத்திலிருந்த மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் தாக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சிட்டிபாபு, இந்த நகரத்தின் மேயராக இருந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர். 1977 ஜனவரியில் அவர் உயிரிழந்தார். அந்தச் சிறையில் நடந்ததைப் பின்னாளில் நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது.

எங்கள் ஆலை வாசலில் கேட் மீட்டிங் நின்றுபோனது. டீக்கடை பெஞ்ச் அதே இடத்தில் இருந்தது. அதன்மேல் ஏற ஆள் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு போலீஸ் ஜீப் நின்றது. சங்கு ஊதியதும் வெளியே வந்தவர்கள் தலையைக் குனிந்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டில் அப்பா ஏதாவது பேச ஆரம்பித்தால், "மெதுவாப் பேசுங்க, சுவத்துக்குக் காது இருக்கு" என்பார் அம்மா.

பொதுமக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டால், உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் கொதித்தெழவில்லை. ரயில் நேரத்துக்கு வருகிறது, ஆபீசில் ஆள் இருக்கிறார்கள், வேலைநிறுத்தம் இல்லை என்று மகிழ்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். கலைக்கப்பட்ட ஆட்சி மேல் கோபம் இருந்தவர்கள், போனது நல்லது என்றார்கள். பெரும்பாலோர் வாய் மூடி, வேலைக்குப் போய், வாக்குச்சீட்டு வரும் நாளுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த நாள் 1977 மார்ச்சில் வந்தது. வட இந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. தமிழ்நாட்டில் 39 இடங்களில் 34-ஐக் காங்கிரஸ், அதிமுக அணியே வென்றது. அப்படி அடித்த அலையில் எதிர்த்து நின்ற சில தொகுதிகளில் ஒன்று வட சென்னை; அது திமுகவின் ஏ.வி.பி. ஆசைத்தம்பியைத் தேர்ந்தெடுத்தது. மக்கள் ஆயிரம் காரணத்துக்காக வாக்களிப்பார்கள். அத்தனையும் மிசாவுக்கான பதில் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மத்தியச் சிறைக்கு அருகே வாழ்ந்தவர்கள், போனஸ் கவரை எண்ணிப் பார்த்தவர்கள், இதே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருந்தவர்கள் அந்த வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு அமைந்த ஜனதா அரசு 8.33 விழுக்காட்டை மீட்டுக்கொடுத்தது. சட்டமன்றம் மீண்டும் உயிர்பெற 1977 ஜூன் வரை, பதினேழு மாதம் ஆனது.

இதை ஒரு கட்சியின் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1980-இல் எம்.ஜி.ஆர். அரசும், மாநில ஆட்சியைக் கலைக்க மத்திய அரசுக்கு வழிவிடும் அரசியல் சட்டத்தின் அதே 356-ஆவது பிரிவால் கலைக்கப்பட்டது. மக்கள் சில மாதங்களிலேயே அவரை ஆட்சிக்குத் திரும்ப அனுப்பினார்கள். 1988-இல் ஜானகி அம்மையார் அரசு, 1991-இல் மீண்டும் கருணாநிதி அரசு. எதிராளியின் சபை கலைந்தபோது வெடி வெடித்தவர்கள், தங்கள் முறை வந்தபோது நியாயம் கேட்டார்கள். 1991-இல் ஒன்று நடந்தது. அரசு வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகள் கவனியுங்கள். ஆட்சியைக் கலைக்கும்முன் வழக்கமாக ஆளுநரின் அறிக்கையைப் பெறுவார்கள். அன்றைய ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அந்த அறிக்கையைத் தர மறுத்தார். அறிக்கை இல்லாமலே கலைத்தார்கள். அவரைப் பீகாருக்கு மாற்றியபோது பதவியை விட்டு விலகினார். மூன்றாண்டு கழித்து, 1994-இல், பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சபையில்தான் பார்க்கவேண்டும் என்று வரையறுத்தது. முன்போல் நினைத்தவுடன் கலைக்க முடியாமல் போனது அதன் பிறகுதான்.

மன்றம் மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தினமும் கடந்துபோகும் சாட்சி ஒன்று உண்டு. துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார். அங்கே நின்று அத்தோ சாப்பிடாதவர் உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள். அந்த நூடுல்ஸ் ஏன் நம் ஊருக்கு வந்தது? 1962 மார்ச் 2 அன்று பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார், நாடாளுமன்றத்தை ஒழித்தார். அந்த ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் எதிர்த்து நின்றார்கள், சுடப்பட்டார்கள், மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1964-இல் கடைகள் நாட்டுடைமை ஆயின, பெரிய நோட்டுகள் செல்லாது என்றார்கள். தலைமுறைகளாக அங்கே உழைத்த நம் மக்கள் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் இருக்கிறார்கள். இந்த அரங்கிலும் இருக்கலாம். ரங்கூனில் அவர்களுக்காகக் கேள்வி கேட்க ஒரு சபை இல்லாமல் போயிருந்தது. 2021 பிப்ரவரி 1, புதிய நாடாளுமன்றம் கூடவேண்டிய நாளிலேயே, அங்கே ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. யாங்கோன் மக்கள் இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலில் நின்று சட்டியும் பானையும் தட்டினார்கள். கையில் வேறொன்றும் இல்லாதபோது மக்கள் எழுப்பிய கேள்வி அது.

வேறு விதமாக முடிந்த கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. 2018 அக்டோபரில் இலங்கையில் அதிபர் சிறிசேன பிரதமரை நீக்கினார், மறுநாளே நாடாளுமன்றத்தை முடக்கினார், நவம்பரில் கலைத்தார். கொழும்பில் குடிமக்கள் வீதியில் பதாகைகளோடு நின்றார்கள். ஒரு தலைவரை ஆதரித்து வந்தவர்களோடு, எந்தத் தலைவரையும் ஆதரிக்காமல் அரசியல் சட்டத்துக்காக வந்தவர்களும் நின்றார்கள். நீதிமன்றத்துக்குப் போன வழக்கு இரா. சம்பந்தன் பெயரில் பதிவானது. அந்த நாடாளுமன்றத்தால் நெடுங்காலம் நீதி கிடைக்காத ஓர் இனத்தின் முதிய தலைவர், அந்த நாடாளுமன்றத்தைக் காப்பாற்ற வழக்குப் போட்டார். டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, கலைத்தது செல்லாது என்றார்கள். அடுத்த ஆண்டு லண்டனிலும் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கிய உத்தரவை உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ரத்து செய்தார்கள்.

சம்பந்தன் ஐயா செய்ததைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பேன். சபை நமக்கு நல்லது செய்கிறது என்பதால் மட்டும் அதைக் காக்க வேண்டும் என்பதில்லை. நல்லது செய்யாதபோது "ஏன் செய்யவில்லை?" என்று கேட்பதற்கு அந்த ஓர் இடம்தான் இருக்கிறது. பணம் உள்ளவர் அமைச்சரைத் தனியாகப் பார்த்துப் பேசிக்கொள்வார். காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவுக்குத் தனியாகப் பார்க்க யாரும் இல்லை.

2023 டிசம்பரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மறுநாள் முதல் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அவர்களுக்கு முழு நியாயம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. உட்கார ஒரு வாசலும், முறையிட ஒரு மன்றமும் இருந்தன. 1976-இல் என் அப்பாவுக்கு அவை இரண்டும் இல்லை.

பட்டதாரிகளே, உங்களில் சிலர் வங்கிக்கும் ஐ.டி. கம்பெனிக்கும் போவீர்கள். சிலர் அரசு அலுவலகத்துக்குப் போவீர்கள். சிலர் இதே ஆலைகளுக்குள் மேற்பார்வையாளராக நுழைவீர்கள். எங்கே போனாலும் மூன்று காரியம் செய்யுங்கள். சட்டமன்றமும் நாடாளுமன்றமும் ஆண்டில் எத்தனை நாள் கூடின, உங்கள் உறுப்பினர் என்ன கேட்டார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எண்ணூரில் நடக்கும் அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய், ஆங்கிலத்தில் இருக்கும் தடித்த திட்ட அறிக்கையை மீனவப் பெரியவர்களுக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். உங்களுக்குப் பிடிக்காதவர்களின் வாய் அடைக்கப்படும்போது மகிழாதீர்கள். அன்றைக்கே எதிர்த்துப் பேசுங்கள்.

என் அப்பா 1977-க்குப் பிறகு நடந்த முதல் கேட் மீட்டிங்குக்கு என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். தலைவர் பெஞ்சின்மேல் ஏறினார். கூட்டத்திலிருந்து ஒரு குரல், "எத்தனை பர்சென்ட்?" என்று கேட்டது. அப்பாவின் குரல்தான். அவர் பேசி முடிக்கும்வரை என் கையை விடவில்லை.

அந்தக் கேள்வியை இன்று உங்கள் கையில் ஒப்படைக்கிறேன். கேட்டுக்கொண்டே இருங்கள். நன்றாக வாழுங்கள்.