போலீஸ்காரருக்குத் தனி நியாயம் உண்டா?

(பாலக்காடு கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரருக்குத் தனிச் சலுகை கிடைக்கிறதா என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் வக்கீல் அல்ல. முப்பது வருஷம் கோர்ட்டு குமாஸ்தாவாகக் காகிதக் கட்டுகளோடு காலம் தள்ளியவன். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் பெரிய சலுகை எதுவும் இல்லை. கடமையைச் செய்யும்போது நடந்த காரியத்துக்காக அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த, அரசின் முன் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஆனால் பிடித்து வைத்தவனை அடிப்பது கடமையில் சேராது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்டிரேட் விசாரிக்க வேண்டும் என்பதும் 2006 முதல் சட்டமாக இருக்கிறது.

அப்படியானால் சலுகை எங்கே இருக்கிறது? பேனாவில் இருக்கிறது. திருடன் தன் குற்றத்துக்குத் தானே மஹஜர் எழுத முடியாது. போலீஸ்காரரால் முடியும். பிடித்த தேதி, நேரம், உடம்பில் காயம் உண்டா இல்லையா எல்லாம் அவர் எழுதுவதுதான். சாட்சிகளும் பெரும்பாலும் அதே ஸ்டேஷன்காரர்கள்.

இடுக்கி மாவட்டம் நெடுங்கண்டத்தைப் பாருங்கள். நம் தேனி, கம்பம் எல்லையை ஒட்டிய ஊர். கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி வசூல் செய்த ஒரு நிதி நிறுவன மோசடி வழக்கில், ராஜ்குமார் என்பவர் 2019 ஜூன் 12ம் தேதி பிடிபட்டார். கைது என்று காகிதத்தில் ஏறியது 15ம் தேதி. இடையில் இருந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. 21ம் தேதி பீருமேடு சப்-ஜெயில் காவலில் இருந்தபோது இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நிமோனியா என்றது. நீதிபதி நாராயண குருப் கமிஷன் வந்து, புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மறுபடி பரிசோதிக்கச் செய்த பிறகே, முதலில் பதிவாகாத காயங்கள் தெரிந்தன. வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று.

திருவனந்தபுரம் கோட்டை ஸ்டேஷனில் 2005ல் இறந்த உதயகுமாரின் வழக்கு இன்னும் நீண்டது. அவருடைய தாயார் விடாமல் போராடினார். 2018ல் சி.பி.ஐ. நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2025ல் கேரள உயர் நீதிமன்றம், புலன் விசாரணையில் குறைகள் என்று சொல்லி எல்லோரையும் விடுவித்தது. ஆக, சட்டம் தண்டிக்கத் தயங்கவில்லை, சாட்சியம்தான் நிற்கவில்லை.

நம் பாலக்காட்டுக்கே வருகிறேன். 2010 மார்ச்சில் புத்தூரில் ஒரு குடும்பஸ்திரீ வீட்டிலேயே கொலையுண்டார். ஊரே கொதித்தது. நமக்கும் பயம்தான். பிடிபட்ட சம்பத் என்பவர் சில நாட்களுக்குள் போலீஸ் காவலில் இறந்தார். அதுவும் சி.பி.ஐ. வழக்காயிற்று. ஆனால் அன்று நம் கிராமத்துத் திண்ணைகளில் என்ன பேசினோம்? "நன்னா வேணும்" என்றுதானே?

இதை மற்றவர்களைக் குறை சொல்லச் சொல்லவில்லை. ரொம்ப வருஷம் முன்பு, எல்லைப் பக்கத்து ஊர் ஒன்றில் எங்கள் குடும்பக் கல்யாணம். ஒரு வளையலைக் காணோம். பந்தி பரிமாறிய பையன் மேல் சந்தேகம். ஸ்டேஷனுக்குப் போனவன் நான். "நாலு தட்டுத் தட்டினா சொல்லிடுவான் சார்" என்று சொன்னவனும் நானே. இரண்டு நாள் கழித்து, பெட்டிக்குள் பட்டுப்புடவை மடிப்பிலிருந்து வளையல் விழுந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். அவனைப் பிடித்ததாக எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை. நான் கோர்ட்டு குமாஸ்தா. கேட்டிருக்க வேண்டியவன், கேட்கவில்லை. கேட்டால் என் வார்த்தையும் அதில் ஏறும் என்ற பயம். அவன் தகப்பனாரிடம் நூறு ரூபாய் கொடுத்தேன். அவர் அதைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

போலீஸ்காரருக்குத் தனி நியாயம் உண்டா என்றால், உண்டு என்றே சொல்வேன். அதில் பாதி, அவசரத்தில் நாம் கொடுத்தது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் புகாரின் மேல் யாரையாவது பிடித்தால், அது எந்த எளியவராக இருந்தாலும், மூன்று விஷயம் விசாரியுங்கள். பிடித்த நேரம் எழுதியாயிற்றா? வீட்டாருக்குச் சொல்லியாயிற்றா? டாக்டர் பார்த்தாரா? 1996ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளில் உள்ளவைதான் இவை. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. நேர்மையான அதிகாரி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

அன்று நான் கேட்காததை நீங்களாவது கேளுங்கள்.