நம் பள்ளிக்கூடத்திற்குப் புதிய கட்டடம்: திட்டமும் திரட்ட வேண்டிய நிதியும்

(மஹல்லா பொதுக்கூட்டத்தில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் தொடக்கப் பள்ளிக்கூடத்தைப் பற்றி மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். கட்டடம் இன்று எந்த நிலையில் இருக்கிறது, அதற்குப் பதிலாக எதைக் கட்டப் போகிறோம், அதற்கான பணம் எந்த வழியில் வர வேண்டும். கடைசியில் உங்களிடம் ஒரு முடிவும் கேட்போம்.

இன்று பள்ளிக்கூடத்தில் 112 பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் 61 பேர் பெண் பிள்ளைகள். பக்கத்துத் தெருக்களிலிருந்து வரும் பிறசமயப் பிள்ளைகள் 23 பேர். ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு தருகிறது. கட்டடமும் பராமரிப்பும் நிர்வாகத்தின் பொறுப்பு. உதவிபெறும் பள்ளிக்கூடங்களின் ஏற்பாடே அதுதான்.

நம் முன்னோர் கட்டிய அந்த ஓட்டுக் கட்டடத்தைப் பொறியாளரை வைத்து முழுமையாகப் பார்வையிடச் செய்தோம். சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர்கள். பனங்கைகளில் கரையான் ஏறியிருக்கிறது. வடபுறத்து இரண்டு அறைகளின் அஸ்திவாரம் இறங்கி, சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த இரண்டு அறைகளுக்கும் உறுதிச் சான்று தர அவர் மறுத்துவிட்டார். மீதி மூன்று அறைகளுக்கு ஓராண்டுக்கு மட்டும் தந்திருக்கிறார். அன்றே வடபுறத்து அறைகளைப் பூட்டினோம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது மதரஸா கூடத்தில் பாயில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

"ஓட்டை மாற்றி, சுவரைப் பூசிவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதையும் பொறியாளரிடம் கேட்டோம். ஓட்டை மாற்றலாம், பனங்கையையும் மாற்றலாம். இறங்கிய அஸ்திவாரத்தின் மேல் நிற்கும் சுவர் அந்தப் பாரத்தைத் தாங்காது என்பது அவர் பதில். இரண்டு மழைக்காலம் தாங்கும் வேலைக்குப் பணம் செலவழித்துவிட்டு, மூன்றாவது மழைக்கு மறுபடியும் இதே இடத்தில் கூடி நிற்பதில் பயனில்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சமையல் நடந்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 பிள்ளைகளின் உயிர் போயிற்று. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்தார்கள். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று ஆகிய நான்கையும் கல்வித்துறை கேட்பது வெறும் காகிதத்துக்காக அல்ல என்பதை இந்த இரண்டு ஊர்களின் பெற்றோரும் அறிவார்கள்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்க வகுப்புகளில் 91 முதல் 120 பிள்ளைகள் வரை நான்கு ஆசிரியர்கள். 90 ஆகக் குறைந்தால் மூன்று. கட்டடத்துக்குப் பயந்து 22 பிள்ளைகள் போய்விட்டால் ஒரு ஆசிரியர் பணியிடம் உபரியாகிவிடும். ஒருமுறை கையை விட்டுப் போன பணியிடம் எளிதில் திரும்பி வருவதில்லை.

வேன் கட்டணம் கொடுக்க முடிந்த குடும்பங்கள் டவுன் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பள்ளிக்கூடம் மூடினால் முதலில் வீட்டில் நிற்கப் போவது யார் என்று யோசிக்க வேண்டும். வாப்பா வெளிநாட்டில் இருந்தும் சம்பளம் ஒழுங்காக வராத வீட்டுப் பிள்ளை. உம்மா வீட்டு வேலை செய்து வளர்க்கும் பிள்ளை. அதிலும் பெண் பிள்ளை.

இனி, என்ன கட்டப் போகிறோம் என்பதைச் சொல்கிறோம்.

கீழ்த்தளம் 2,000 சதுர அடி, மேல்தளம் 1,600 சதுர அடி. கீழே மூன்று வகுப்பறைகளும் தலைமை ஆசிரியர் அறையும். மேலே இரண்டு வகுப்பறைகளும் ஒரு நூலகமும். சின்னப் பிள்ளைகளான முதல் மூன்று வகுப்பும் கீழேயே இருக்கும். மேலே போக இரண்டு படிக்கட்டுகள், இரண்டும் இரண்டு முனையில். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, தண்ணீர் வசதியோடு. சத்துணவுச் சமையலறை வகுப்பறைகளிலிருந்து விலகித் தனியாக இருக்கும். கும்பகோணம் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

நாம் இருப்பது உப்புக்காற்று அடிக்கும் ஊர். ஆகவே மண் பரிசோதனை செய்த பிறகே அஸ்திவாரத்தின் ஆழம் முடிவாகும். கம்பியின் மேல் கான்கிரீட் மூடல் குறைந்தால் சில ஆண்டுகளிலேயே துரு ஏறிக் கூரை உதிரும். ஊரில் எத்தனை வீடுகளில் பார்க்கிறோம். கலவைக்கும் நீராற்றுவதற்கும் உவர் நீரைத் தொடக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுகிறோம்.

மதிப்பீட்டை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம். கட்டடம் 3,600 சதுர அடி, அடிக்கு 2,300 ரூபாய் வீதம் 82 லட்சத்து 80 ஆயிரம். கழிப்பறை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் 11 லட்சத்து 20 ஆயிரம். மின்சார வேலையும் பெஞ்சு, மேசையும் 4 லட்சம். வேலை நடக்கும்போது பிள்ளைகளுக்கான தடுப்பும் தற்காலிக வசதிகளும் 2 லட்சம். ஆக ஒரு கோடி. விலையேற்றத்துக்கும் எதிர்பாராத செலவுக்கும் 10 லட்சம் சேர்த்து ஒரு கோடியே 10 லட்சம். நம் கையில் இருப்பது 27 லட்சம். இன்னும் 83 லட்சம் வேண்டும்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் செய்ய நினைக்கவில்லை. முதல் கட்டம் 64 லட்சம். பூட்டிக் கிடக்கும் வடபுறத்து அறைகளைக் கோடை விடுமுறையில் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் கீழ்த்தளம், கழிப்பறை, சமையலறை. அஸ்திவாரமும் தூண்களும் மேல்தளத்தையும் தாங்கும்படி இப்போதே அமையும். இரண்டாம் கட்டம் 46 லட்சம். அதில் மேல்தளம் வரும். அதன் சென்டரிங்கும் கான்கிரீட் வேலையும் அடுத்த விடுமுறைக்குள் முடியும்படி திட்டமிட்டிருக்கிறோம். பிள்ளைகள் கீழே இருக்கும்போது மேலே பாரம் ஏற்றுவதில்லை. தெற்கு அறைகளை இறக்கியபின் அந்த இடம் விளையாட்டுத் திடலாகும்.

முதல் கட்டத்துக்கான தொகையில் முக்கால் பங்கு, அதாவது 48 லட்சம், வங்கிக் கணக்கில் சேரும்வரை ஒரு செங்கல்லையும் இறக்க மாட்டோம். பாதியில் நின்ற கட்டடம் பழைய கட்டடத்தைவிட ஆபத்தானது. ஆகவே இப்போது உடனடியாக வேண்டியது 21 லட்சம்.

பணம் எங்கிருந்து வரும்?

முதலில், எங்கிருந்து வரக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறோம். வட்டிக்குக் கடன் வாங்க மாட்டோம். வட்டியில்லாமல் அழகிய கடன் தருவதாகச் சிலர் முன்வந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் வருமானம் தராத கட்டடத்துக்குக் கடன் வாங்கினால், அதை அடைக்க மறுபடியும் உங்களிடமே வர வேண்டும்.

ஜகாத் பணத்தைக் கட்டடத்துக்குத் தரலாமா என்று பலர் கேட்டார்கள். உலமாக்களிடம் கேட்டோம். ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர். அந்தப் பொருள் அவர்கள் கைக்குப் போய் அவர்களுக்குச் சொந்தமாக வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் அது செல்லாது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் உள்ள நிலை என்றார்கள். ஆகவே ஜகாத் கணக்கு தனி, கட்டடக் கணக்கு தனி. ஜகாத் தர விரும்புவோர் தகுதியுள்ள ஏழை மாணவரின் குடும்பத்துக்கு நேரே சேரும்படி தரலாம். கட்டடத்துக்கு வேண்டியது சதக்காவும் வக்ஃபும். மனிதர் இறந்த பின்னும் நன்மை எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் சதகத்துல் ஜாரியா என்று நாம் படித்தது இதைத்தான்.

தெருவோரத்தில் பத்துக் கடை கட்டி வாடகைக்கு விட்டால் பணமும் வரும், வருமானமும் நிற்கும் என்று ஒரு யோசனை வந்தது. நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனை. ஆனால் அந்த மனை பிள்ளைகளின் கல்விக்கென்றே வக்ஃபு செய்யப்பட்டது. வாக்கிஃப் வைத்த நோக்கத்தை நம் வசதிக்காக மாற்ற நமக்கு உரிமையில்லை. கடை வந்தால் சுற்றுச்சுவரும் திடலும் போய்விடும். ஆகவே அதை ஏற்கவில்லை.

ஒரு சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று பங்கு வைத்திருக்கிறோம். மாதம் 200 ரூபாய் எடுத்து வைத்தால் ஓராண்டில் ஒரு சதுர அடி முடிந்துவிடும். மஹல்லாவில் 640 குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு சதுர அடி ஏற்றால் 14 லட்சத்து 72 ஆயிரம் சேரும். உடனடித் தேவையில் மீதி 6 லட்சத்து 28 ஆயிரம். அதை, பத்து அடி, இருபது அடி ஏற்கக்கூடியவர்கள் ஏற்க வேண்டும். முடியாத வீட்டை யாரும் வற்புறுத்தக்கூடாது. அவர்கள் துஆச் செய்தால் போதும். யார் எவ்வளவு தந்தார் என்பதை ஒலிபெருக்கியில் வாசிக்க மாட்டோம். அறைகளின் வாசலில் பெயர்க்கல்லும் வைக்க மாட்டோம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். நம் அறக்கட்டளை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறவில்லை. துபாயிலோ சவூதியிலோ வேலை பார்த்தாலும் இந்தியக் குடிமகனாக இருப்பவர், தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக அனுப்பலாம். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர்களிடமிருந்து நாம் வாங்க முடியாது. அங்குள்ள ஊர்ச் சங்கத்தின் பெயரில் மொத்தமாக வசூலித்து அனுப்புவதும் கூடாது. தனித்தனியாக, அவரவர் கணக்கிலிருந்து வரட்டும். உண்டியல் வழியாக ஒரு ரூபாயும் வேண்டாம். வேறொருவர் பெயரில் போட்டுக் கொடுப்பதும் வேண்டாம். ஒரு தவறான வரவு முழு அறக்கட்டளையையும் முடக்கிவிடும்.

உள்நாட்டில் வருமான வரி கட்டுவோருக்கு: பழைய வரிமுறையில் இருப்பவர்கள், உரிய வரம்புக்குள், நன்கொடையில் பாதித் தொகைக்குக் கழிவு கோரலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தக் கழிவு கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ தாருங்கள். ரொக்கம் எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது கேட்டு வாங்குங்கள்.

கணக்கு எப்படி இருக்கும் என்று கேட்பது உங்கள் உரிமை. கட்டடத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு. எடுக்க மூன்று பேர் கையெழுத்து. மூன்று ஒப்பந்தப்புள்ளிகளாவது வாங்காமல் வேலை கொடுப்பதில்லை. நிர்வாகிகளின் நெருங்கிய உறவினர்களுக்கு ஒப்பந்தம் இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் அளந்து கையெழுத்திட்ட பிறகே பணம் கைமாறும். வரவு செலவு மாதாமாதம் இந்த இதழில் வரும். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். கட்டடக் குழுவில் ஒன்பது பேர். அதில் மூன்று இடங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு. கழிப்பறை எங்கே இருக்க வேண்டும், வாசல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதை நம்மைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி தொடங்கியபோதும், 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீது சென்னையில் பெண்களுக்கென்று கல்லூரி தொடங்கியபோதும், நம் சமுதாயத்தில் செல்வம் கொட்டிக் கிடக்கவில்லை. அந்தக் கல்லூரிகளின் வாசல் வரை நம் பிள்ளைகள் போக வேண்டுமானால் ஒன்றாம் வகுப்பு ஊரில் இருக்க வேண்டும். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு கல்லூரி அல்ல, ஐந்து வகுப்பறைகள்தான்.

உங்களிடம் கேட்கும் முடிவு இதுதான். வடபுறத்து அறைகளை இறக்கவும் முதல் கட்டத்தைத் தொடங்கவும் இந்தக் கூட்டம் சம்மதம் தர வேண்டும். சம்மதம் கிடைத்தால் நாளையே கல்வித்துறைக்கும் வக்ஃபு வாரியத்துக்கும் கடிதம் போகும். வரைபட அனுமதிக்கும் விண்ணப்பிப்போம். பங்கு ஏற்பதற்கான படிவம் வாசலில் இருக்கிறது. பெண்கள் பகுதியிலும் வைத்திருக்கிறோம். ஆட்சேபம் உள்ளவர்கள் இங்கேயே எழுந்து சொல்லுங்கள். பதில் சொல்லிவிட்டே கலைவோம்.

நம் எண்ணங்களை அல்லாஹ் தூய்மையாக்குவானாக. கொடுப்பவர்களின் பொருளிலும் பிள்ளைகளின் கல்வியிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.