குறை முகத்தில் இல்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில், வடபழனியில் போட்டோ ஸ்டுடியோ நடத்திவரும் நம் சங்க உறுப்பினர் ஆற்றிய உரை)



இந்த ஆண்டு முதல் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரையும் புகைப்பட மன்றத்துப் பிள்ளைகளே தனித்தனியாகப் படமெடுத்து ஆண்டு மலருக்குத் தரப்போகிறார்கள் என்று செயலாளர் சொன்னார். என்ன கேமரா வாங்கலாம்னு பேசச் சொன்னார். கேமராவைப் பற்றிக் கடைக்காரர் நன்றாகவே சொல்லுவார். எடுத்த படத்தை எப்படி விமர்சிப்பது, எப்படிப் பழகுவது என்ற இரண்டை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இது சின்ன விஷயம் இல்லைங்க. வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வரும் பிள்ளையின் படம் கூடத்துச் சுவரில் முப்பது வருஷம் தொங்கும். வேலை விண்ணப்பத்துக்கும் அதுதான், வரன் பார்க்கிறவர்களிடம் போவதும் அதுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தாயார் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். கையில் மகளின் பட்டமளிப்புப் படம், வேறெங்கோ எடுத்தது. முகத்தை மாவு பூசியதுபோல வெளுக்க வைத்திருந்தார்கள். “கொஞ்சம் கறுப்பாக்கிக் குடுங்க தம்பி, எம் பொண்ணு மாதிரியே இல்ல” என்றார். வெளுப்பாக்கச் சொல்லி ஆயிரம் பேர் வந்திருக்கிறார்கள். அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். இன்றைக்கு நான் பேசுவதெல்லாம் அந்த அம்மாவுக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அப்படி ஆகிறது? கேமராவுக்கு முகம் எது, சட்டை எது என்று பிறவியிலேயே தெரியாது. வருகிற ஒளியை அளந்து, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பளீரென்ற வெள்ளைச் சட்டை போட்டு வெள்ளைச் சுவர் முன் நிறுத்தினால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று படத்தையே மங்கலாக்கும். மாநிற முகம் இருண்டுவிடும். அதே பிள்ளை கறுப்பு கவுன் போட்டு நின்றால், ‘இருட்டு’ என்று நினைத்துத் தூக்கிக் கொடுக்கும், முகம் வெளிறிவிடும். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு இரண்டு நிறம்! இப்போதைய போன்கள் முகத்தைத் தேடிப் பிடித்து ஓரளவு சரிசெய்கின்றன. முழுக்க நம்ப முடியாது. முகத்தின் மேல் விரல் வைத்து, அந்த இடத்துக்கே அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. கலர் பிலிம் காலத்தில் பிரிண்ட் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை கொடுக்கும். ‘ஷர்லி அட்டை’ என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. உலகத்து முகங்களெல்லாம் அவர் தோலுக்கு ஏற்பவே சரிபார்க்கப்பட்டன. பல நிறத்தாரும் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. ஆக, நம் பிள்ளை படத்தில் சரியாக விழவில்லை என்றால் குறையை முகத்தில் தேடாதீர்கள்.

இப்போது விமர்சனத்துக்கு வருகிறேன். சென்னைக்கு இது புதிதல்ல. 1855-இல் இங்கே நடந்த பெரிய பொருட்காட்சியில் லின்னியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி எடுத்த கோயில் படங்களை நடுவர் குழு பார்த்துச் சிறந்தவை என்று தேர்ந்தெடுத்தது. 1850-இல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர், அந்தப் பத்தாண்டுகளிலேயே இங்கே புகைப்படச் சங்கம் உருவாகவும் காரணமாயிருந்தார். எடுத்த படத்தை நாலு பேர் நடுவில் வைத்துப் பேசுவது அவ்வளவு பழைய வழக்கம்.

இன்று வாட்ஸ்அப்பில் போட்டால் “சூப்பர்”, “செம” என்று வரும். மனசு குளிரும், அடுத்த படம் தேறாது. இல்லாவிட்டால் “மூக்கு பெரிசா இருக்கு” என்பார்கள். எடுத்தவனுக்கு அதனால் பயனில்லை, படத்தில் இருப்பவளுக்கோ வாழ்நாள் காயம். மூக்கு பெரிசாகத் தெரிந்தால் போனை ஒன்றரை அடியில் நீட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆறடி தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள், மூக்கு தன் அளவுக்கு வந்துவிடும்.

எனவே உங்கள் மன்றத்துக்கு மூன்று விதி சொல்கிறேன். முதலாவது, முகத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது. வெளிச்சம், தூரம், பின்னணி, கண்ணின் கூர்மை, கைகள் இருக்கும் விதம் இவற்றைத்தான் பேச வேண்டும். இரண்டாவது, குறை சொல்கிறவர் ‘அடுத்த தடவை என்ன செய்யலாம்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “கண்குழி இருட்டா இருக்கு” என்பதோடு நிறுத்தாமல், “உச்சிவெயிலில் நிறுத்தியிருக்கே, தாழ்வாரத்து ஓரத்தில் வானத்தைப் பார்க்க நிறுத்து” என்று முடிக்க வேண்டும். மூன்றாவது, படத்தில் இருப்பவரும் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும். “இது நான்தானா?” என்ற கேள்விக்கு அவர் பதில்தான் கடைசித் தீர்ப்பு.

பயிற்சிக்கு நான்கு வாரம் போதும். முதல் வாரம், ஒரு நண்பர், ஒரு ஜன்னல். அவரை ஜன்னலருகே எட்டுத் திசையில் திருப்பி எட்டுப் படம் எடுங்கள். வெளிச்சம் முகத்தில் எப்படி நகர்கிறது என்று கண்ணுக்குப் பழகட்டும். இரண்டாம் வாரம், நல்ல திசையை வைத்துக்கொண்டு இரண்டடி, நாலடி, ஆறடி. மூன்றாம் வாரம், வெள்ளைச் சட்டை, கறுப்பு கவுன். நிழல் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தும் பிடிக்காமலும். நாலாம் வாரம், மொத்தம் பன்னிரண்டே படம். அந்தக் காலத்து இரட்டை லென்ஸ் கேமராவில் 120 பிலிம் போட்டால் சதுரப் படம் பன்னிரண்டுதான் கிடைக்கும். எண்ணிக்கை குறைந்தால் பேச்சு கூடும். எதிரே நிற்பவரிடம் ஊர் எது, எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று பேசுங்கள். தோள் தானாகத் தளரும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலையும் சேர்த்து மாற்றினால் எது படத்தைக் காப்பாற்றியது என்று தெரியாமலே போய்விடும்.

பெரிய கருவிகள் இல்லையே என்ற கவலை வேண்டாம். எங்கள் வடபழனியில், இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கும் இடத்தில்தான் விஜயா-வாஹினி ஸ்டுடியோ இருந்தது. 1957-இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தின் நிலவொளியை இன்னும் பேசுகிறோமே, அதன் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து வந்தவர். முகூர்த்த நாளில் முருகன் கோயில் பக்கம் வந்து பாருங்கள். கூட்டத்துக்கு நடுவே, கோபுர நிழலில், மணப்பெண்ணை அரையடி திருப்பி வெளிச்சத்தைக் கண்ணில் வாங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பதும் ஒரு கேமராவும் பழகிய கண்ணும்தான்.

வரும் மார்ச்சில் நீங்கள் எடுக்கும் படங்களை ஆண்டு மலரில் அச்சேற்றுவதற்கு முன் ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். என்னையும் கூப்பிடுங்கள். நான் வந்து முகங்களை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் குறை சொல்லுகிறேன்.