ஐந்து சொல் தெரிந்த ஒப்பரேட்டர்



சப்ரகமுவத் தோட்டங்களில் ஒரு காலம் டெலிபோன் என்றால் அது துரை பங்களாவிலும் தோட்டத்து ஆபீசிலும் மட்டுந்தான். கொழும்புக் கடைகளில் வேலை பார்த்த எங்கள் பிள்ளைகள் அவசரத்துக்கு ட்ரங்க் கோல் போடுவார்கள். தோட்டத்துக்குப் பதிவில் ஓர் ஆங்கிலப் பெயர். நம்மவர் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர். நான் அறிந்த ஒப்பரேட்டர் அம்மா சிங்களவர். ஆனாலும் அந்தத் தமிழ்ப் பெயரைச் சொன்னால் போதும், "மேக்கணக்கா, கீழ்க்கணக்கா?" என்று கேட்டு இணைப்பைக் கொடுத்துவிடுவார்.

இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்த கதை அமெரிக்காவில் நடந்தது. 1992இல் ஏ.டி. அன்ட் டி. நிறுவனம் அமர்த்திய குரலறி இயந்திரத்துக்குத் தெரிந்தவை ஐந்தே ஐந்து சொற்கள்: கலெக்ட், கோலிங் கார்ட், தேர்ட் நம்பர், பேர்சன், ஒப்பரேட்டர். அழைப்புக்கு யார் காசு கட்டுவது என்று தெரிந்துகொள்ள இவை போதும். ஆனால், பரீட்சித்துப் பார்த்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வெறும் சொல்லோடு நிற்கவில்லை. "அது வந்து... தயவுசெய்து ஒரு கலெக்ட் கோல்..." என்று இழுத்தார்கள். மனிதர் அப்படித்தானே! பெல் ஆய்வுகூடத்தார் அந்த இழுவைக்குள் கிடக்கும் ஒரு சொல்லை மட்டும் பொறுக்கியெடுக்க இயந்திரத்தைப் பழக்கினார்கள். அதே ஆண்டில், மூவாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரையான ஒப்பரேட்டர் வேலைகள் போகும் என்றும் அறிவிப்பு வந்தது.

நடுச்சாமத்திலும் சலிக்காத இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. அதற்கு யாருடைய குரலைக் கேட்கக் கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி. 2006 அளவில் தமிழ்நாட்டுச் செம்பட்டிப் பகுதியில், விவசாயிகளுக்குப் பயிர்ச் செய்தி சொல்லும் குரல் கருவியொன்றைப் பரீட்சித்தார்கள். அதற்குச் சில பத்துத் தமிழ்ச் சொற்களே தெரியும். ஆனால், அந்தச் சொற்களைக் கிராமத்தவர் வாயிலிருந்தே பதிந்தார்கள். ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறியதையும் கண்டார்கள்.

இன்றைய இயந்திரம் நீண்ட வசனத்தையே விளங்கிக்கொள்கிறது. என்றாலும் பெரட்டு, பிள்ளைக்காம்பரா, ஒட்டுப்பால் என்று பாதி சிங்களம் கலந்து பேசும் கேகாலைக் கிழவியின் குரல் அதன் காதில் விழுந்திருக்குமா? சி.வி. வேலுப்பிள்ளை தொழிலாளர் வாயிலிருந்து மலைநாட்டுப் பாடல்களைத் திரட்டினார். அதுபோல யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு தெஹியோவிட்டையிலும் இறக்குவானையிலும் லயம் லயமாக ஏறவேண்டும். பின்னேரம் போவது நல்லது. காலையில் எல்லாரும் பால் வெட்டப் போயிருப்பார்கள்.