கொடுத்த வாக்கும் பெற்ற பயனும்

வயல்கள் அடுக்குமாடிகளாக மாறிவரும் நாவலூரில், அண்மையில் ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டார்: “ஐயா, எஞ்சியிருக்கும் நிலத்தை மகளுக்கு எழுதிவைக்கப் போகிறேன். என் தம்பிக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக அவள் சொல்கிறாள். பிறகு மறுத்துவிட்டால்?”

அவருடைய அச்சம் புதிதன்று. 1880-களின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்த சின்னையா - ராமையா வழக்கும் இத்தகையதே. ஓர் அன்னை தம் சொத்தை மகளுக்குத் தானமாக அளித்தார். தம் உடன்பிறப்புக்கு ஆண்டுக்கு 653 ரூபாய் தரவேண்டும் என்றும் விதித்தார். மகளும் அவ்வாறே அவ்வுறவினருக்கு உடன்படிக்கை எழுதிக் கொடுத்தாள். பின்னர், ‘அவர் எனக்கு என்ன கொடுத்தார்?’ என்று மறுத்தாள்.

அக்கேள்வியில் பொருள் உண்டு. ஒன்றையும் பெறாமல் தந்த வாக்கைச் சட்டம் பொதுவாக வற்புறுத்துவதில்லை. வாக்குக்கு ஈடாகப் பெறுவதையே மறுபயன் என்கிறோம். ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, வாக்குப் பெற்றவரே அதனை அளித்திருக்க வேண்டும். ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமோ, வாக்களித்தவரின் விருப்பப்படி வேறு எவர் அளித்தாலும் போதும் என்று 2-ஆம் பிரிவில் கூறுகின்றது. அன்னை தந்த நிலமே இங்கு மறுபயன். ஆகவே மகள் பணம் தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அம்மூதாட்டியிடம் நான் சொன்னது இதுதான்: “அம்மா, தானப் பத்திரம் எழுதும் நாளிலேயே, உங்கள் மகள் தம் மாமனுக்கு ஓர் உடன்படிக்கையும் எழுதித் தரட்டும்.” அன்புக்கு வாய்ச்சொல் போதும்; முதியவரின் சோற்றுக்கோ கையொப்பம் வேண்டும்.