சாளரத்தின் மேல் ஒரு சாளரம்



மார்கழி மாதத்தில் உதகமண்டலத்தில் ஓரிரவு தங்கியவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பார்கள். கதவுகளை எல்லாம் இறுக அடைத்திருந்தாலும், கண்ணாடிச் சாளரத்தின் அருகே படுத்தவருக்குக் குளிர் விடுவதில்லை. காற்று நுழைய இடுக்கும் இல்லை. பின் குளிர் எவ்வழியே வந்தது? உண்மையில் குளிர் உள்ளே வரவில்லை. அறையின் வெப்பமே கண்ணாடி வழியாக வெளியேறியது. கண்ணாடியைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கி, உறங்குபவரின் மேல் ஊர்ந்தது.

கடுங்குளிர் நாடுகளான கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் இதற்கு ஒரு வழி கண்டனர். குளிர்காலத்தில் சாளரத்தின் வெளிப்புறத்தே மற்றொரு கண்ணாடிச் சட்டத்தைப் பொருத்தினர். அதற்குப் புயற் சாளரம் என்று பெயர். இடையில் அடைபட்ட காற்றே அங்குக் காவலாளி. அசையாத காற்றைவிடக் கண்ணாடி ஏறக்குறைய நாற்பது மடங்கு எளிதில் வெப்பத்தைக் கடத்தும்.

இக்காலத்தில் இரு கண்ணாடிகளை இணைத்து மூடிய சாளரங்களே வந்துவிட்டன. அவற்றின் மேலும் புயற் சாளரம் வேண்டுமா? ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி, ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 5.8 வாட் வெப்பத்தை விடுகிறது. இரட்டைக் கண்ணாடியில் அது 2.8 ஆகிறது. மூன்றாவதைச் சேர்த்தால் ஏறத்தாழ 1.9. முன்னதில் மிச்சம் மூன்று வாட். பின்னதில் ஒன்றுகூட இல்லை. செலவோ குறைவதில்லை!

இன்னொரு நுட்பமும் உண்டு. வெளிச் சட்டத்தை உட்சட்டத்தைவிட இறுக்கமாக அடைத்துவிட்டால், அறையின் ஈரக்காற்று இடைவெளியில் கசிந்து, குளிர்ந்த வெளிக்கண்ணாடியில் நீராய்ப் படியும். நாளடைவில் மரச்சட்டம் உளுத்துப்போகும். ஆகவே உட்சாளரம் இறுக்கமாகவும், வெளிச்சாளரம் அடியில் சிறு துளைகளுடனும் இருத்தல் வேண்டும். காவலுக்கு நிறுத்திய கதவில் நாமே துளையிடுவது விந்தையாகத் தோன்றும். ஆனால் அத்துளையே மரத்தைக் காக்கிறது.

இனி மலையிறங்கிக் கோவைக்கு வருவோம். கோவை மாவட்ட ஆட்சியராயிருந்த ஜான் சலிவன் 1822-ஆம் ஆண்டில் உதகையில் கல்மாளிகை எழுப்பத் தொடங்கினார். இரண்டு ஊர்களுக்கும் இடையே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. சாளரத்தின் தேவையோ முற்றிலும் வேறு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவையைக் குளிர்விக்கிறது. அப்போது சாளரம் திறந்திருப்பதே நலம். சித்திரையில் நம் பகை குளிரன்று, வெயில்.

வெளியே 38 பாகை, குளிர்பதன அறையில் 24 பாகை என்று கொள்வோம். ஒற்றைக் கண்ணாடியில் சதுர மீட்டருக்குக் கடத்தலால் உள்ளே வருவது 80 வாட் அளவே. மேற்கு வெயில் நேரே விழுந்தாலோ 400 வாட்டையும் எட்டக்கூடும். தெளிந்த கண்ணாடி வெயிலின் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். இரண்டு கண்ணாடி வைத்தாலும் பெரும்பகுதி நுழைந்தே தீரும். அவிநாசிச் சாலையில் கண்ணாடிச் சுவர்களோடு எழுந்துள்ள கட்டடங்களைக் காணும்போதெல்லாம், நம் பாட்டனார் வீட்டுத் தாழ்வாரம் எனக்கு நினைவுக்கு வருகிறது. வெயில் சுவரைத் தொடுமுன்பே அதைத் தடுத்தது அது.

ஐயமுடையவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மேற்குச் சாளரத்தில் ஒரு நாள் உட்புறம் திரையிடுங்கள். மறுநாள் வெளிப்புறம் ஓலைத்தட்டி கட்டுங்கள். இரு நாளும் மாலை நான்கு மணிக்குக் கண்ணாடியின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்.