அளப்பவர் கண்ணும் பேணுபவர் கையும்

 

கால் நூற்றாண்டுக் காலம் நம் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்த இச்சங்கத்தின் வெள்ளி விழாவில் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகிய படிப்புகளைப் பற்றி நம் மேடைகளில் பலரும் பேசுவர். நம் ஊர்களில் அதிகம் பேசப்படாத ஒரு தொழிலைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்பது அதன் பெயர். தொழில்வழிச் சிகிச்சை எனத் தமிழில் கூறலாம். போரில் ஊனமுற்று வீடு திரும்பிய படைவீரருக்கும், அவரைப் பேணும் குடும்பத்தாருக்கும் அமெரிக்க நாட்டில் அத்தொழில் எவ்வாறு துணை நிற்கிறது என்பதும், அங்கு எவ்விடத்தில் நீதி தவறுகிறது என்பதுமே நம் உரையின் பொருளாகும்.

படைவீரர் என்னும் சொல் நம்மவர்க்கு அயலான சொல் அன்று. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் சுபேதாராக விளங்கியவர். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். ஊர்ப் பள்ளியின் வாயில் அடைபட்டிருந்த காலத்தில், படைப்பணி ஒடுக்கப்பட்டோர் சிலருக்கு எழுத்தறிவைத் தந்தது. ஆகவே படைவீரரின் பிற்கால வாழ்வைப் பற்றிச் சிந்திப்பது நமக்குப் பொருத்தமேயாகும்.

இத்தொழில் பிறந்த வரலாற்றை முதலில் காண்போம். 1917ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் சிலர் கூடி இத்தொழிலுக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். அவர்களை அழைத்த ஜார்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர்; காசநோயாலும், உடலின் இடப்பக்கம் செயலிழந்ததாலும் துன்புற்றவர். வேலை செய்வதே தம்மை மீட்டது என்று அவர் கண்டார். அடுத்த ஆண்டிலேயே முதல் உலகப் போரில் அடிபட்ட வீரர்களுக்காகப் பயிற்சி பெற்ற பெண்கள் கடல் கடந்து பிரான்சு நாட்டு மருத்துவமனைகளுக்குச் சென்றனர். நெசவு, மரவேலை, கூடை முடைதல் ஆகியவற்றைக் கொண்டே உடைந்த கைகளுக்கும் கலங்கிய மனங்களுக்கும் அவர்கள் பயிற்சி அளித்தனர். கைத்தொழிலை இழிவென்று ஒதுக்கும் சமூகத்தில் வளர்ந்த நாம், கைத்தொழிலையே மருந்தாக்கிய இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்று இத்தொழிலாளர் செய்யும் பணிகளுள் தலையாயது, ஒருவரின் அன்றாடத் தேவையை அளந்தறிதல் ஆகும். கால் போயிற்று என்பதை மருத்துவர் எழுதிவிடுவார். கால் போனவர் காலையில் கட்டிலை விட்டு எவ்வாறு இறங்குகிறார், எவ்வாறு குளிக்கிறார், சட்டைப் பொத்தானை எவ்வாறு மாட்டுகிறார் என்பதை யார் எழுதுவது? 1963இல் கிளீவ்லாந்து நகர மருத்துவர் சிட்னி காட்ஸும் அவர் குழுவினரும் குளித்தல், உடுத்தல், கழிவறை செல்லுதல், இடம் மாறுதல், கழிவை அடக்குதல், உண்ணுதல் என ஆறு செயல்களைக் கொண்டு ஓர் அளவுகோலை வகுத்தனர். 1969இல் லாட்டன், பிராடி என்னும் இருவர், தொலைபேசி பயன்படுத்துதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைப் பராமரித்தல், துணி வெளுத்தல், பயணம் செய்தல், மருந்து உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் என எட்டினைத் தொகுத்தனர். மன்னர்களின் படையெடுப்பை மனப்பாடம் செய்யும் நாம், ஒரு மனிதன் தன் நாளை நடத்துவதற்கு எத்தனை செயல்கள் வேண்டும் என்று எண்ணியதுண்டா?

வல்லவர் ஒருவர் தாளை நிரப்புவதோடு நிற்பதில்லை. வீட்டிற்கே சென்று பார்ப்பார். சக்கர நாற்காலி நுழையும் அளவிற்குக் கதவு அகலமா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, கட்டிலின் உயரம் சரிதானா என்று அளப்பார். “உங்களால் தேநீர் போட முடியுமா?” என்று கேட்டால், தன்மானம் மிக்க வீரர் “முடியும்” என்றே விடையளிப்பார். “போட்டுக் காட்டுங்கள்” என்று சொல்லி அருகில் நின்றால்தான் உண்மை விளங்கும். கை நடுங்கி வெந்நீர் சிந்தலாம். மூளையில் அடிபட்டவராயின், தேநீரை நன்றாகவே போட்டுவிட்டு அடுப்பை அணைக்க மறந்துவிடலாம். உடல் நலமாகத் தோன்றும் அவருக்குத் தூக்கிவிடும் கை தேவையில்லை. கவனித்துக்கொண்டிருக்கும் கண் தேவை. நல்ல நாளில் இயலுவது கெட்ட நாளில் இயலாது என்பதையும் உணர்ந்தே தேர்ந்தவர் எழுதுவார்.

இனி, அந்தக் கண்ணாகவும் கையாகவும் இருப்பவர் யார்? பெரும்பாலும் மனைவி, சிற்சில வீடுகளில் தாய், தந்தை, மகள். வேலையை விட்டுவிட்டு, உறக்கம் கெட்டு உழைக்கும் இவர்களை நெடுங்காலம் எந்தப் பதிவேடும் கண்டுகொள்ளவில்லை. 1980இல் ஸ்டீவன் சாரிட் என்பாரும் அவர் குழுவினரும் பேணுபவரின் பாரத்தை அளக்கக் கேள்விகளை வகுத்தனர். இன்று பரவலாக வழங்கும் வடிவில் 22 கேள்விகள் உள்ளன. “உங்களுக்கென நேரம் இருக்கிறதா? உங்கள் உடல்நலம் கெட்டிருக்கிறதா?” என்ற முறையில் அவை அமைந்தவை. நோயாளியின் கட்டிலருகே நிற்பவளையும் ஒரு மனுஷியாகக் கருதிக் கேட்ட கேள்விகள் அவை.

2010ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா கையொப்பமிட்ட ஒரு சட்டம், பேணுபவரின் உழைப்பை உழைப்பென்றே ஏற்றுக்கொண்டது. கடும் ஊனமுற்ற வீரரை வீட்டில் பேணும் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உதவித்தொகை, பயிற்சி, மருத்துவக் காப்பு, மன ஆறுதலுக்கான ஆலோசனை, ஆண்டிற்கு 30 நாட்களுக்குக் குறையாத மாற்று ஏற்பாட்டுடன் கூடிய ஓய்வு ஆகியன வழங்க வகை செய்யப்பட்டது. முதலில் 2001 செப்டம்பர் 11ஆம் நாளுக்குப் பின் அடிபட்டோருக்கே இது கிட்டியது. 2018இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2020 அக்டோபரில் வியட்நாம் போர்க்கால வீரர்களுக்கும் அவர்க்கு முற்பட்டோர்க்கும், 2022 அக்டோபரில் எக்காலத்து வீரர்க்கும் விரிந்தது.

இவ்வளவும் நன்றே. ஆனால் தாளில் உள்ள உரிமை வீட்டை வந்தடைய வேண்டுமாயின், அது அளப்பவர் கையைக் கடந்தே வரவேண்டும். நம் இளைஞர்கள் நெஞ்சில் பதிக்க வேண்டிய செய்தி இதுவே.

அந்நாட்டு வரலாறே இதற்குச் சான்று. 1944இல் இயற்றப்பட்ட முன்னாள் வீரர் நலச் சட்டம் கறுப்பின வீரரை எழுத்தில் விலக்கவில்லை. ஆயினும் அதனைச் செயற்படுத்தும் பொறுப்பு உள்ளூர் வங்கிகளிடமும் அலுவலர்களிடமும் சென்றது. மிசிசிப்பி மாநிலத்து 13 நகரங்களில் 1947இல் அச்சட்டத்தின் உறுதியோடு வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்க்குக் கிட்டியவை இரண்டே. ஒரே போரில் ஒரே பகைவனை எதிர்த்தவர்கள். திரும்பி வந்து நின்ற வாயிலில் மட்டும் வேறானவர்கள். இக்கதை நமக்குப் புதிதோ?

இதற்கு மாறான காட்சியும் உண்டு. அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1923இல் கறுப்பின வீரர்களுக்கென ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதனை வெள்ளையரே நடத்த வேண்டும் என்று உள்ளூரார் வலியுறுத்தினர். கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் ஊர்வலம் சென்று அச்சுறுத்தினர். கறுப்பின மக்கள் அஞ்சாது போராடினர். 1924இல் கறுப்பின மருத்துவரான ஜோசப் வார்டு அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். படித்த பிள்ளைகள் ஆயத்தமாக இருந்தமையால் அன்றோ அப்போராட்டம் வென்றது!

அண்மைக் காலத்திலும் அளவையின் குறை வெளிப்பட்டது. பேணுவோர் திட்டத்தில் முன்பே இருந்த குடும்பங்களைப் புதிய விதிகளின்படி மறுபடி அளந்தபோது, மிகப் பலர் தகுதியற்றோர் எனக் கூறப்பட்டனர். எதிர்ப்பு எழவே, 2022 மார்ச்சில் அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறை அந்நீக்கங்களை நிறுத்தி வைத்தது. இதற்கு முன்னரே, கண் பார்வை இழந்த ஒரு வீரரும் அவர் மனைவியும் நீதிமன்றம் சென்றிருந்தனர். இத்திட்டத்தில் அளிக்கப்படும் முடிவுகளையும் முறையீட்டு வாரியத்தில் எதிர்க்கலாம் என்று 2021இல் தீர்ப்பாயிற்று. 2024இல் மேல் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அளப்பவர் எழுதியதே இறுதி என்று அக்குடும்பம் அடங்கியிருந்தால், பின்வந்தோர்க்கு அந்த வழி திறந்திருக்குமா?

இத்தொழில் நம் நாட்டிற்கு வந்த வழியும் அறியத்தக்கது. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் அம்மையார் 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார். வேலூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் இடுப்பிற்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தவாறே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் என்பாரின் நிலையத்தில் பயின்றார். அந்த ரஸ்க், இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரரின் மறுவாழ்விற்கு முறை வகுத்தவர். மேரி வர்கீஸ் திரும்பி வந்து உழைத்ததன் பயனாக, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அயல்நாட்டுப் போர்க்களத்தில் கற்ற பாடம், நம் ஊர்களில் மரத்திலிருந்து விழுந்தவர்க்கும், முதுகு முறிந்த உழைப்பாளிக்கும் இவ்வாறு பயன்பட்டது.

இளைஞர்களே! மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்துள்ளது. மிகுந்த துணை வேண்டுவோர் விண்ணப்பித்து, வாரியத்தின் மதிப்பீட்டின்படி அத்துணையைப் பெறலாம் என அதன் 38ஆம் பிரிவு கூறுகிறது. தொழில்வழிச் சிகிச்சையாளரையும் உள்ளடக்கிய மருத்துவத் துணைத்தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் வந்துள்ளது. இங்கும் அளப்பவர் வருவார், எழுதுவார், அவர் எழுத்தால் ஒரு குடும்பம் தலைநிமிரும் அல்லது தளரும்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். மேல்நிலை வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவ மாணவியர் இப்படிப்பையும் எண்ணிப் பாருங்கள். நம் தெருவின் குடிசை வாயிலையும் குடத்தின் பாரத்தையும் அறிந்த கண் இத்தொழிலுக்குத் தேவை. படித்த இளைஞர்கள், ஊனமுற்றோர் வீடுகளுக்குச் சென்று விண்ணப்பம் எழுதித் தாருங்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு, மேல்முறையீட்டிற்குத் துணை நில்லுங்கள். குடும்பத்தார் அனைவரும், வீட்டில் நோயாளியைப் பேணும் தாயிடமும் மனைவியிடமும், “உனக்கு என்ன வேண்டும்?” என்று இன்றிரவே கேளுங்கள். முதல் இரண்டிற்கும் ஆண்டுகள் ஆகலாம். மூன்றாவதற்குச் சட்டமும் பட்டமும் வேண்டியதில்லை.